வடிந்த பிறகு

நம்முடைய கதைகளில் வெள்ளத்துக்குக் குறைவில்லை. ஆறு கரை புரளும், குடிசைகள் மிதக்கும், கதாநாயகன் கழுத்தளவுத் தண்ணீரில் நீந்திப் போய்க் கதாநாயகியையும், அவகாசம் இருந்தால் அவள் வளர்க்கும் கன்றுக்குட்டியையும் கரை சேர்ப்பான். அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினால் எல்லோரும் உலர்ந்த உடையில், உலர்ந்த கூடத்தில், உலர்ந்த பாயில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் அந்தக் கூடத்தை யார் துடைத்தார்கள், அந்தப் பாயை யார் உலர்த்தினார்கள் என்பதை எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. பத்திரிகைக்காரர்களும் அப்படித்தான். தெருவில் படகு ஓடுகிற வரையில் படம் போடுவார்கள். படகு தரைதட்டியதும் செய்தியும் தரைதட்டிவிடும்.

வீட்டுக்காரர்களுக்கோ வேலை ஆரம்பமாவதே அப்பொழுதுதான்.

2015-ம் வருஷத்து டிசம்பர் மாதத்தைச் சென்னைவாசிகளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. நவம்பர் முழுவதும் பெய்த மழையில் ஏரிகளெல்லாம் தளும்பி நின்றன. டிசம்பர் முதல் தேதி மறுபடியும் பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடித் தண்ணீர் அடையாற்றுக்குள் திறந்துவிடப்பட்டது. 1878-ல் தொடங்கிய 'ஹிந்து' பத்திரிகையே, ஊழியர்கள் அச்சுக்கூடத்துக்குப் போய்ச் சேர முடியாமல், 2-ம் தேதி இதழை அச்சிடவில்லை. இது மனிதர்களால் உண்டான பேரிடர் என்று தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2018-ல் சட்டசபைக்கு வந்தது. அந்த வழக்குக்குள் நான் புகப்போவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வீடு.

அது ஜாபர்கான்பேட்டையில், ஆற்றிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. என் அக்காவின் வீடு. அத்தான் கடன் வாங்கிக் கட்டியது. கடன் தீர்ந்த மறு வருஷம் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா கூடத்தில் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் காலம் தள்ளி வந்தாள். அன்றிரவு தண்ணீர் வாசற்படி ஏறியதும், பக்கத்து வீட்டு மாடியில் இருந்தவர்கள் அவளைக் கைப்பிடித்து மேலே அழைத்துக்கொண்டார்கள். அவள் எடுத்துப் போனது வீட்டுப் பத்திரம் இருந்த பையும் ஒரு டார்ச்சு விளக்கும். கீழே தண்ணீர் ஐந்தடி ஏறியது.

மயிலாப்பூரிலிருந்து பாதி தூரம் பஸ்ஸிலும் பாதி தூரம் நடந்தும் நான் போய்ச் சேர்ந்தது 4-ம் தேதி, வெள்ளிக்கிழமை. தெருவில் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைக் குறுக்கே நீட்டியபடி மாடி வீட்டு எஞ்சினீயர் நின்றுகொண்டிருந்தார். பொதுப்பணித் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்; துறைதான் அவருக்கு ஓய்வு கொடுத்ததே தவிர, அவர் துறைக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

"உள்ளே ஒருத்தரும் போகக்கூடாது. தம்பி, உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

"தெருவிலேயே கரண்ட் இல்லையே, சார்?"

"இப்ப இல்லை. எப்ப வரும்னு உங்ககிட்டச் சொல்லிட்டா வரப்போகுது? நீங்க வாளியோட உள்ளே நிக்கறப்ப வந்தா?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மீட்டர்ப் பலகை தண்ணீருக்குள் இருந்து எழுந்திருந்தது. அதிலே கை வைப்பது, தரையில் ஈரம் இருக்கும்போது சுவிட்சைத் தொடுவது எல்லாம் யமனுக்குக் கடிதம் போட்டு வரவழைக்கிற காரியம். அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன் ரப்பர்ப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து, ஃபியூஸ்களைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் எஞ்சினீயரின் குடை மடங்கியது. இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரமும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

முன்கதவு திறக்கவில்லை. மரம் ஊறி நிலையோடு இறுகியது ஒரு காரணம். இன்னொரு காரணம், உள்ளே குளிர்சாதனப் பெட்டி மிதந்து வந்து கதவுக்குப் பின்னால் குப்புறப் படுத்திருந்தது. அவ்வளவு பெரிய பெட்டி மிதக்குமா என்று கேட்காதீர்கள். உள்ளே காற்றை அடைத்த பெட்டி அது. தெப்பம் மாதிரி மிதக்கும். காலி காஸ் சிலிண்டரும் மிதந்து சமையலறை மேடையிலிருந்து பூஜை அலமாரிக்குக் குடிபோயிருந்தது. பின்கதவு வழியாக உள்ளே போனோம்.

அந்த வாசனையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. ஆற்றுத் தண்ணீரோடு சாக்கடையும் கலந்து வந்தது அது. மழைநீர் ஒழுகி நனைவது ஒரு ஜாதி. குளியலறைத் தண்ணீர் தேங்குவது இன்னொரு ஜாதி. இந்த மாதிரி வருவது மூன்றாவது ஜாதி. இது பட்ட மெத்தை, தலையணை, அரிசி, மாவு எதையும் காப்பாற்ற முயற்சி செய்யக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்று எட்டு ஆள் கனம் கனத்தது. இழுத்துக்கொண்டு போய்த் தெருமுனையில் போட்டோம். அங்கே ஏற்கெனவே அந்தத் தெருவின் மெத்தைகளெல்லாம் கூடியிருந்தன.

வெளியே தண்ணீர் இறங்கியும் உள்ளே அரை அடி நின்றது. வாசற்படி அணை மாதிரி தடுத்திருந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகம் இப்படிப்பட்ட சமயங்களில்தான் தலையெடுக்கும். கூடம் 12 அடிக்கு 10 அடி. ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் 10 கன அடி. அதாவது சுமார் 283 லிட்டர். பத்து லிட்டர் வாளியால் 28 வாளி. ஆறு அங்குலத்துக்கு 170 வாளி. அதுவும் கூடம் ஒன்றுக்கு மட்டும். இதை அக்காவிடம் சொன்னேன்.

"எண்ணாதே. மொள்ளு" என்றாள் அக்கா.

அன்று அவள் முதலில் பேசிய பேச்சு அது.

பக்கத்து அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் வாடகைக்கு ஓர் எஞ்சின் பம்பு கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்குத் தரைக்குக் கீழே கார் நிறுத்தும் இடம் உண்டு. கூரை வரைக்கும் தண்ணீர். ஒரே மூச்சில் இறைத்துவிட வேண்டும் என்று இளைஞர்கள் துடித்தார்கள். நம் எஞ்சினீயர் அங்கேயும் குடையோடு போய் நின்றுவிட்டார். சுற்றிலும் மண் ஊறிப்போய்ச் சுவரை வெளியிலிருந்து நெருக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் அதற்கு எதிராக முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. முட்டை ஒரேயடியாக எடுத்தால் சுவர் வெடிக்கலாம், தரையே மேலே எழும்பலாம் என்பது அவருடைய வாதம். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு இறைத்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். அக்கா வீட்டுச் சம்ப்புக்கும் அதே தீர்ப்புத்தான். ஊறின மண்ணுக்குள் காலியான தொட்டி படகு மாதிரி மேலே கிளம்பிவிடும் என்றார். "தொட்டி எப்படி சார் கிளம்பும்?" என்று ஒரு பையன் சிரித்தான். "ஃபிரிட்ஜ் எப்படிடா கிளம்பிச்சு?" என்று அவர் திருப்பிக் கேட்டார். பையன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பம்பையும் நிறுத்தினான்.

தண்ணீர் போன பிறகு சேறு. சேற்றைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படுகிற ஜனங்கள் சேற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டே அங்குலம்தான் படிந்திருந்தது. பார்த்தால் அற்பம். ஆனால் அந்தக் கூடத்தில் மட்டும் அது 20 கன அடி. எடை போட்டால் ஏறக்குறைய ஒரு டன். ஈரமாக இருக்கும்போது மண்வெட்டியால் வழித்துப் பாண்டுச் சட்டியில் அள்ளிப் போட்டுவிடலாம். இரண்டு நாள் விட்டால் இறுகி, கொத்தனாரை அழைக்க வேண்டியதாகிவிடும். பக்கத்தில் ஒரு குடும்பம் களைத்துப் போய் உறவினர் வீட்டுக்குச் சென்று நாலு நாள் கழித்துத் திரும்பிவந்தது. அவர்கள் உளி வைத்துச் செதுக்கினார்கள். வயலில் படிந்தால் இதே வண்டலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருப்போம்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

ஊரெல்லாம் தண்ணீர்; கழுவத் தண்ணீர் இல்லை. கிணறும் சம்ப்பும் கெட்டுப்போயின. அன்று பிற்பகல் ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஆளுக்கு இரண்டு டிரம் என்று அளந்து ஊற்றினார்கள். நானூறு லிட்டர். அடுத்த லாரி எப்போது என்று லாரிக்காரருக்கே தெரியாது. அந்த நானூறு லிட்டரில் எதைக் கழுவுவது?

அக்கா வீட்டில் அன்றைக்குக் கழுவியாக வேண்டியவை நாலு. முதலாவது, தைக்கக் கொடுத்த பிறத்தியார் துணிகள் 41. அவற்றில் மூன்று பட்டு; தை மாதக் கல்யாணத்துக்கு வந்தவை. இரண்டாவது, மெஷின். மூன்றாவது, அத்தான் பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதைகள் 14 வால்யூம். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்துத் தைத்தவை. சித்திரங்களோடு, நடுவில் வந்த பல்பொடி விளம்பரங்களோடு. நாவல்கள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு அவை எப்படிப்பட்ட பொக்கிஷம் என்று இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் அப்படிச் சில இருக்கும். நாலாவது, அவர்களுடைய கல்யாண ஆல்பம்.

ஈரமான பொருள்கள் காத்திருக்க மாட்டா. 24 மணியிலிருந்து 48 மணிக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். நம்முடைய டிசம்பர்ப் புழுக்கத்தில் அதற்கு அழைப்பே வேண்டாம். ஆகவே ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றதை ஓரளவு கைவிட்டதாகத்தான் அர்த்தம்.

"புஸ்தகங்களை நான் பார்த்துக்கறேன், அக்கா. ஒரு டிரம் குடு" என்றேன்.

அக்கா சேற்றுக் கையோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அவர் புஸ்தகம்தான். எனக்குத் தெரியாதா? ஆனா அது நம்ம வீட்டுது. துணி ஊரார் வீட்டுது."

"நனைஞ்சுபோச்சுன்னு சொன்னா யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. அவங்க வீடும்தானே முழுகியிருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். வீட்ல இருந்ததெல்லாம் போச்சு, தைக்கக் குடுத்தது ஒண்ணாவது மிஞ்சியிருக்கும்னு நாளைக்கு வந்து நிப்பாங்கடா."

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஒன்றரை டிரம் துணிக்கு, மீதி மெஷினுக்கு என்று அவளே பங்கு போட்டாள்.

துணி அலசுவதில் அவளுக்கு நான் என்ன சொல்ல? வேடிக்கை பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் சாயம் போகும் துணி, போகாத துணி என்று பிரித்தாள். கறுப்பும் சிவப்பும் ஒரு குவியல்; வெளிர் நிறங்கள் ஒரு குவியல். லைனிங் துணிகள் தனி. வெளிர் நிறம் அலசிய தண்ணீரைக் கொட்டாமல் கறுப்புக்கு வைத்துக்கொண்டாள். கறுப்பு அலசிய தண்ணீரைத் தரைக்கு. பட்டை மட்டும் புதுத் தண்ணீரில் மூன்று தரம் முக்கி எடுத்தாள். முறுக்கவில்லை, பிழியவில்லை, பழைய பருத்தி வேட்டியில் வைத்துச் சுருட்டி உள்ளங்கையால் அழுத்தினாள். மாடி வராந்தாவில் நிழலில் கொடி கட்டி விரித்தாள். நடுவில் அரைமணி நேரம் நல்ல வெயில் வந்தது. "வெயில்ல போடலாமே, சீக்கிரம் காயுமே" என்று மாடி வீட்டு அம்மாள் ஆசையாகச் சொன்னார். பட்டு வெயிலில் வெளுத்துப்போகும் என்று அக்கா மறுத்துவிட்டாள். ஜரிகை கறுத்துத்தான் போயிற்று. அதற்கு அவள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

மெஷின் என் பொறுப்பு. இரும்பு, தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கிறவரை மெதுவாகத்தான் துருப் பிடிக்கும். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால்தான் அவசர அவசரமாகப் பிடிக்கும். அரைநாளில் கரும்பு நிறம் ஏறிவிடும். சொம்பு சொம்பாகத் தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவினேன். பாபின் பெட்டியைக் கழற்றினால் உள்ளே குழைந்த களிமண். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, துணியால் ஒற்றி, எஞ்சினீயர் வீட்டிலிருந்து வந்த மண்ணெண்ணெயை ஊற்றினேன். மண்ணெண்ணெய் பதுங்கியிருக்கும் ஈரத்தையும் அழுக்கையும் துரத்திக்கொண்டு வரும். அதன் பிறகு மெஷின் எண்ணெய். சக்கரம் அசையவில்லை. பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே ஏதாவது முறிந்துபோகும் என்பதால் எண்ணெய் விட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் அக்கா வந்து ஒரு விரலால் சக்கரத்தைத் தொட்டாள். கால் சுற்றுச் சுற்றியது. திரும்ப எதிர்ப்பக்கம் கால் சுற்று. பிறகு முழுச் சுற்று. ஊசித் தண்டு மேலே போய்க் கீழே வந்தது. அவள் அந்த இடத்திலேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இழுப்பறை இறுகிக் கிடந்தது. ஊறின மரத்தை இழுத்தால் முகப்பு கையோடு வந்துவிடும். பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ள வேண்டும். அப்படித் தள்ளி எடுத்ததில் அவளுடைய அளவு நோட்டு கிடைத்தது. அதிலிருந்த எழுத்து அப்படியே இருந்தது. காரணம், அக்கா அளவுகளைப் பென்சிலால் குறிப்பவள். பென்சில் கரி தண்ணீரில் கரையாது. அதே இழுப்பறையில் மையில் எழுதிய ரசீதுகளெல்லாம் நீலக் கறையாய்ப் போயிருந்தன. பால்பாயிண்ட் பேனா எழுத்தும் ஓரளவு தப்பும். ஊற்றுப் பேனா மை தப்பாது. கைப்பிரதி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

புத்தகங்களைப் பற்றி நாம் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இத்தாலி தேசத்துப் பிளாரன்ஸ் நகரம் நினைவுக்கு வரும். 1966-ம் வருஷம் நவம்பர் 4-ம் தேதி ஆர்னோ நதி அந்த ஊருக்குள் புகுந்தது. அங்குள்ள தேசிய மத்திய நூலகத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களும் ஏடுகளும் சேற்றில் முழுகின. பல தேசங்களிலிருந்து மாணவர்கள் வந்து, வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்றி அவற்றை வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களை அந்த ஊர்க்காரர்கள் 'சேற்றுத் தேவதைகள்' என்று இன்றுவரை அழைக்கிறார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில் கூடப் புத்தகங்களை அடுக்கி உலர்த்தினார்கள். 1988-ல் லெனின்கிராடில் விஞ்ஞானக் கழக நூலகம் தீப்பிடித்து, அணைத்த தண்ணீரில் புத்தகங்கள் நனைந்தபோது, ஊர்ஜனங்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போய் உலர்த்தித் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இரவல் வாங்கிய புத்தகத்தையே திருப்பித் தராத நமக்கு இது புராணக் கதை மாதிரி இருக்கிறது. உடனே உலர்த்த முடியாத நூல்களை உறைபனிப் பெட்டியில் வைத்துவிடுவதும் ஓர் உபாயம். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது, பிறகு ஆற அமர உலர்த்திக்கொள்ளலாம். எங்களுக்கு மின்சாரமும் இல்லை. பெட்டியோ கதவுக்குப் பின்னால் கிடந்தது.

மறுநாள் சனிக்கிழமை இரண்டாவது லாரி வந்தது. அலமாரியில் புத்தகங்கள் ஊறிப் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, பிடுங்க முடியாதபடி நின்றன. பக்கச் சட்டத்தை அறுத்து எடுத்தேன். மூடியபடியே மேல்சேற்றை அலசினேன். திறந்து அலசினால் சேறு உள்ளே போய்விடும். பிறகு செங்குத்தாக, விசிறி மாதிரி விரித்து நிறுத்தி, இருபது பக்கத்துக்கு ஒரு பழைய செய்தித்தாளைச் செருகி, அது நனைய நனைய மாற்றிக்கொண்டே இருந்தேன். மலிவான பத்திரிகைக் காகிதம்தான் பிழைத்தது. வழவழப்பான ஆர்ட் காகிதத்தில் அச்சிட்ட வர்ணச் சித்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டன. அந்தக் காகிதத்தின் மேல் பூசியிருக்கும் களிம்பு நனைந்து காய்ந்தால் பசைதான். 14 வால்யூமில் தேறியது 5. ஒரு நாவலின் நடுப்பாகம் மட்டும் மிஞ்சியது. கதாநாயகி யார் என்றும் தெரியாது, அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றும் தெரியாது.

ஆல்பத்தை அக்காவே செய்தாள். படங்கள் ஈரமாக இருக்கும்போதே ஏட்டிலிருந்து பிரித்து, தட்டில் நல்ல தண்ணீர் விட்டு அலசி, முகம் மேலே பார்க்கும்படி காகிதத்தின் மேல் பரப்ப வேண்டும். காயவிட்டுப் பிரித்தால் முகங்கள் எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். தாலி கட்டுகிற படத்தில் அத்தான் இருக்கிறார். அக்காவின் முகம் இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. "நான்தான் நேரிலேயே இருக்கேனே" என்றாள்.

தரையைக் கழுவுவதில் ஓர் ஆபத்தைக் கண்ணால் பார்த்தேன். பிளீச்சிங் பவுடரை முகாமில் இலவசமாகக் கொடுத்தார்கள். அழுக்கைக் கழுவிவிட்டுத்தான் அதைப் போட வேண்டும். சேற்றின் மேல் தூவினால் அதன் வீரியமெல்லாம் சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துபோகும். எதிர்வீட்டில் ஒரு மனிதர் சீக்கிரம் சுத்தமாகட்டும் என்று பவுடரைத் தூவி, அதன்மேல் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஊற்றிவிட்டார். மஞ்சள் கலந்த பச்சைப் புகை கிளம்பிற்று. வீட்டோடு எல்லோரும் இருமிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள். அது குளோரின் வாயு. யுத்தத்தில் மனிதர்களைக் கொல்ல உபயோகப்படுத்தியது. கிணற்றுக்கானால் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடரைக் கரைத்து, தெளிவை மட்டும் விட்டு ஒரு மணி நேரம் வைத்திருந்தால் போதும். ஒரு கிலோ போட்டால் இன்னும் சுத்தமாகும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

சுவர்கள்தான் எல்லாவற்றையும்விட நிதானக்காரர்கள். செங்கல் தண்ணீரைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உறிஞ்சும். ஐந்தடிக்குக் கறை இருந்ததே தவிர, ஓதம் ஆறரை அடி வரைக்கும் ஏறியது. உறிஞ்சியது ஒரே இரவில்; கக்குவதற்கு மாதக்கணக்கு. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று குளிர்தேசங்களில் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது என்றாலும், ஒரு வாரத்தில் ஆகிற காரியமும் அல்ல. அலமாரி, பீரோ எல்லாவற்றையும் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி நிறுத்தினோம். சன்னல்களை நாள் முழுதும் திறந்து வைப்பதும் சரியல்ல. விடியற்காலையிலும் இரவிலும் மழைக்காலக் காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை எதிரெதிர் சன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிட்டு, மாலையில் சாத்திவிடுவாள். மின்சாரம் வந்த பிறகு, இரண்டு மேஜை விசிறிகளைச் சுவரைப் பார்த்து வைத்தோம். கரி அடுப்பை மூட்டி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் சீக்கிரம் உலரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். எஞ்சினீயர் குடையை எடுத்துவிட்டார். அடைத்த அறையில் கரிப்புகை ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பெயிண்டர் வந்தார். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அவருக்கு வேலை. "ஓதம் தெரியாத மாதிரி பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சுடறேம்மா, பண்டிகைக்கு வீடு பளிச்சுனு இருக்கும்" என்றார். அக்கா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டாள். சுவர் மூச்சுவிட வேண்டிய சமயத்தில் அதன் வாயை அடைத்தால், ஈரம் உள்ளேயே நின்று உப்பரித்து, பெயிண்டைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளும். அடித்துக்கொண்டவர்கள் வீட்டில் மாசி மாதமே சுவர் அம்மை போட்டிருந்தது. அக்கா பால் பாக்கெட்டை வெட்டி விரித்து, கழுவிக் காயவைத்து, சுவரில் நாலு ஓரமும் டேப்பால் ஒட்டுவாள். காலையில் பார்த்தால் அதன் உட்புறத்தில் முத்து முத்தாக ஈரம் நிற்கும். வாரம் ஒரு தரம் இந்தப் பரீட்சை. சித்திரை கடைசியில்தான் பால் கவர் உலர்ந்தபடி இருந்தது. அப்பொழுதும் சுண்ணாம்புதான் அடித்தாள்.

இவ்வளவையும் அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாதி எஞ்சினீயர் சொன்னது. பாதி அவளுக்கே தோன்றியது. 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணி பெருகி ஊர்களை முழுக்கியபோது, ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு வாசக நண்பர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டைப் பார்த்தால் அழுகை வருகிறது, என்ன செய்ய என்று தெரியவில்லை என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, மெயினைப் பிடுங்கியாச்சா? சரி. அழுவறது அப்புறம் அழுவலாம். சேறு காயறதுக்குள்ள அள்ளிடுங்க. அண்ணி கையில செருப்பில்லாம இறங்கவேணாம்னு சொல்லுங்க, கண்ணாடி கிடக்கும். காலைத்தான் சொல்றேன். போட்டோ எதுவும் காயவிடாதீங்க..."

கால் மணி நேரம் பேசினாள்.

துணிகளைப் பற்றிச் சொல்ல மறக்கவில்லை. 41-ல் மூன்று, சாயம் ஏறி வீணாய்ப்போயின; அவற்றுக்குப் பதில் துணி வாங்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். மார்கழி முழுவதும் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடியது. பட்டு மூன்றும் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஜரிகை கறுத்ததைப் பெண்ணின் தாயார் பார்த்தார். பார்த்துவிட்டு, கூலியை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்று மட்டும் நின்றுவிட்டது. வேப்பந்தளிர் நிறத்தில் பச்சை, பருத்தி. ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்த ஒரு பூக்காரப் பெண் நவம்பரில் கொடுத்தது. வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அளவு நோட்டில் அவளுடைய பக்கம் தெளிவாக இருக்கிறது: மார்பு, இடுப்பு, கை நீளம், 'முதுகு இறக்கம் வேண்டாம்' என்று ஒரு குறிப்பு. விலாசம் மட்டும் இல்லை. பூக்காரி என்றால் போதும் என்று இருந்த காலம் அது. அக்கா ரவிக்கையைத் தைத்து முடித்து ஹூக்கும் வைத்துவிட்டாள். 2017-ல் ஒருநாள் என்னையும் அழைத்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்குப் போனாள். எட்டு மாடிக் கட்டடங்கள், ஒன்றைப்போல ஒன்று, வரிசை வரிசையாக நின்றன. பூ விற்கிறவர்கள் நாலைந்து பேரை விசாரித்தோம். மத்தியானம் வரை சுற்றினோம்.

அந்தப் பச்சை ரவிக்கை அக்காவின் பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் கழிந்ததும், அதை எடுத்து உதறி, மாடி வராந்தாவில் நிழலில் ஒரு நாள் போட்டு, புதுக் காகிதத்தில் மடித்து வைக்கிறாள்.